மூடியின் உள்பக்கம்

காயலான் கடையில் கிடந்த காரிலிருந்து கழன்ற சந்தன நிற மூடி ஒன்று, வேறொரு காரின் டேஷ்போர்டில் சாமான் வைக்கும் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காருக்குள் எல்லாமே கறுப்பு. பெயின்டர் உப்புத்தாளால் தேய்த்து, மூடியின் வெளிப்பக்கத்துக்கு மட்டும் கறுப்படித்தார். உள்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

“எங்கேருந்து வர்றே?” என்று கேட்டது சீட்டு.

“இதே வண்டிதான். கழற்றித் துடைச்சு மாட்டினாங்க,” என்றது மூடி.

அன்றிலிருந்து அது வாயே திறக்கவில்லை. திறந்தால் சந்தன நிறம் தெரிந்துவிடுமே! யார் இழுத்தாலும் முரண்டு பிடித்தது. பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் போயிற்று.

ஒருநாள் சீட்டுகளுக்கு நடுவே கை வைத்துக்கொள்ள, கறுப்பு ஆர்ம்ரெஸ்ட் ஒன்று வந்தது. மாட்டுவதற்காகத் தூக்கியபோது, அதன் அடிப்பக்கம் மூடியின் கண்ணில் பட்டது. அங்கே சந்தன நிறம்; நடுவில் ஒரு ஊதாப் பூ. பழைய காரில் ஒரு குழந்தை பேனாவால் கிறுக்கியது. அதே குழந்தை, அதே பேனாவால் மூடியின் உள்பக்கத்திலும் ஒரு பூ வரைந்திருந்தது.

மூடி மெல்லக் கேட்டது:

“நீ... எந்த வண்டி?”

“இதேதான். வேற எது?” என்றது ஆர்ம்ரெஸ்ட், அவசரமாக.

சீட்டுகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டன.

“நானும்தான்,” என்றது மூடி, தன் பூவை உள்ளே வைத்து இறுக மூடிக்கொண்டு.