செவலைக் கிடாவின் பாட்டு

அடித்துச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கறிக்கடை வேலாண்டி ரேடியோப் பாட்டுக்குத் தாளம் போட்டதில் கயிறு நழுவி, செவலைக் கிடா தப்பித்தது. அன்றிலிருந்து அந்தப் பாட்டென்றால் அதற்கு உயிர்.

ஒருநாள் அதே கடை ரேடியோவில் அதே பாட்டு.

"மாப்ளே, அங்க போகாதடா," என்றது காக்கை.

"பல்லவி மட்டும் கேட்டுட்டு வந்துடறேன்."

சரணம் தொடங்குமுன் கிடாவின் கொம்பு வேலாண்டியின் பிடியில்.

"இந்தப் பாட்டுலதான் என் செவலை ஓடிப்போச்சு," என்று, பிடிபட்டது அதுதான் என்று தெரியாமல் அதனிடமே சொல்லி, கொம்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணைத் துடைத்தார்.

மூச்சிரைக்க வந்த கிடா காக்கையிடம் சொன்னது: "சரணம் இன்னும் அருமைடா."

நான் சொன்னதாக யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். வேலாண்டி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.