பதினெட்டு சி பால்கனி

"பிச்சுமணி சாரினு பம்பர் அடிச்சு!"

ஆபீஸ் கிளார்க் பிஜி சீட்டைத் தூக்கிக் காட்டி மலையாளத்துல கூவினா.

கடலோரத்துல நேவி விட்டுட்டுப் போன நிலம். அதுல இருபது மாடி எழும்பறது. கட்டற கம்பெனியோட ஸ்டாஃபுக்குச் சலுகை விலையில ஒரே ஒரு ஃப்ளாட். சீட்டுக் குலுக்கினதுல, பதினெட்டாவது மாடி 'சி' ஃப்ளாட், சைட் எஞ்சினியர் பிச்சுமணிக்கு.

எல்லாரையும் விடப் பலமாக் கை தட்டினது கூட வேலை பாக்கற வெங்கிடேஷ்தான். வயித்துல அடுப்பு எரியறவன் அப்படித்தான் தட்டுவான்.

இத்தனை வருஷம் நேவிக்காரன் பைனாகுலர் வெச்சுப் பாத்த கடலை, இனி இந்தப் பிச்சுமணி காபி டம்ளரோட பாக்கப் போறானாக்கும்!

வலியசாலையில பிச்சுமணி வீட்டுல ஒரு சொட்டு மழைத்தண்ணி ஏறாது. கரமனை ஆத்தங்கரையில வெங்கிடேஷ் வீட்டுக்கோ, மழை வந்தா ஆறே விருந்தாளி.

"அடுக்களை வரைக்கும் ஆறு வரது. ஒரு சீட்டு வரமாட்டேங்கறதே!"ன்னா அவன் பொண்டாட்டி சாவித்ரி. எரியற அடுப்புல ஒரு கரண்டி நெய்.

மறுநாளே பிச்சுமணி ஆரம்பிச்சுட்டான்.

"எடா வெங்கிடேஷ், பதினெட்டு சி பால்கனியில துளசித்தொட்டி வெச்சா வெயில் விழுமோ?"

"விழும்."

அடுத்த நாள். "ஊஞ்சல் போட்டாத் தாங்குமோ?"

"தாங்கும்." தாங்காதது வெங்கிடேஷுக்குத்தான்.

மூணாம் நாள். "உக்காந்தாலே கடல் தெரியுமோ, எழுந்து நிக்கணுமோ?"

வெங்கிடேஷ் விருட்டுனு எழுந்தான். நேராப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தான். கட்டடத்துக்கு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் அவன்தானே! டிராயிங்ல பதினெட்டு சி-க்கு மட்டும் பால்கனிக் கண்ணாடியை அழிச்சுட்டு, ஏழடிக்குக் கான்கிரீட் சுவர் வரைஞ்சான். காரணம்: 'மூலையில் கடல்காற்றின் அழுத்தம் அதிகம்.' கீழே சைன்.

ஊஞ்சல்ல ஆடிண்டே சிமெண்டைப் பாக்கட்டும்!

ரெண்டு வாரம் கழிச்சு பிச்சுமணி ஒரு கவரோட வந்தான்.

"இந்தா, பிடி. பதினெட்டு சி இப்போ உன் பேர்ல."

"எ... என்னதுடா?"

"நான் விலகிண்டேன். குலுக்கினதுல ரெண்டாவதா வந்த சீட்டு உன்னோடது. எம்.டி. சைன் வரட்டும்னு வாயை மூடிண்டிருந்தேன். போன மழையில உங்காத்துக்கு வந்தேனே, முட்டளவு தண்ணி. சாவித்ரி கட்டில் மேல ஸ்டவ்வை வெச்சு எனக்குக் காபி போட்டுக் குடுத்தா. அது இன்னும் தொண்டையில நிக்கறதுடா. துளசி, ஊஞ்சல், கடல் எல்லாம் அவள் என் ஆத்துக்காரி கிட்ட சொன்ன ஆசையாக்கும்."

வெங்கிடேஷ் கவரைத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"பிச்சு... அந்தப் பால்கனிச் சுவர்... கண்ணாடியே போறும்னு தோணறது. நிறுத்திடலாமோ?"

"நேத்தே கான்கிரீட் விட்டாச்சே!"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ?"

பிச்சுமணி சிரிச்சான்.

"என்னத்துக்கு? இருபது வருஷமா நீ சைன் போட்ட டிராயிங்கை நான் என்னிக்காவது சந்தேகப்பட்டிருக்கேனாடா?"