மாற்றி வைத்த சுதி

பாலை இறக்கி வைக்கிறேன். முகம் மழிக்கிறேன். தோல் பதனிடும் ஷாப்பின் வாடை ஜன்னல் வழியாக வருகிறது. சர்ச் கொயரில் பாடும் தேவநேசன், இறந்துபோன என் மனைவி மனோரமாவின் நாலு தந்தி கிட்டாரைக் கேட்டு வந்திருக்கிறான். மடியில் வைத்து, எதையும் அழுத்தாமல் ஒருமுறை மீட்டுகிறான். நாலு தந்தியும் ஒத்து ஒலிக்கின்றன. அவன் நெற்றி சுருங்குகிறது.

"இன்னா சார், சுதியே மாறிக்கிது? வாசிக்கத் தெரியாத ஆளுக்கு வைக்கிறது இது. ஒத்த விரல் போதும். யாருக்கு வச்சாங்க?"

கொயர் ஒத்திகைகளில் அவள் பக்கத்திலேயே நின்றவன். தெரியாதவன் மாதிரி கேட்கிறான். அவன் விரல்களையே பார்க்கிறேன். வெயில் முறுக்காணிகளில் மின்னுகிறது.

"பழையபடி மாத்திடறேன் சார்."

அவன் அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. முறுக்காணியைத் திருகினால் அவள் வைத்த சுதி போய்விடும். அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறேன். ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகச் சொன்னதை, ஜுரத்தில் உளறுகிறாள் என்றே நினைத்திருந்தேன்.

"கிட்டாரை யாருக்கும் குடுத்துடாதீங்க. வீட்டுக்கு வந்ததும் உங்களுக்குத்தான் கத்துத் தரப் போறேன்."