அழகாயியின் மருந்துப் பெட்டி

"இனி இதுக்குக் கேஸ் அடிக்க மாட்டேன் சாச்சி," என்றான் ஃப்ரிட்ஜ் திருத்தும் றிஸ்கான். "அடிக்கிறதெல்லாம் கசிஞ்சு போகுது. பூமிச் சூட்டைக் கூட்டுற கேஸ் இது. புதுசுல உள்ளது வேற, அந்தளவு கேடு இல்ல."

"ஒரே ஒரு தரம் அடிச்சுக் குடு மகன்."

மருமகள் ஜஸ்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலேவெலயிலிருந்து புது ஃப்ரிட்ஜை ஏற்றி வந்து, கூடத்தில் இறக்கியும் ஆயிற்று. முனவ்வரா மாமி என்னடாவென்றால் பழசின் கதவை விடுவதாக இல்லை.

மாமா இருந்த காலத்தில் அந்தத் தெருவுக்கே இது ஒன்றுதான் ஃப்ரிட்ஜ். நோன்பு நாளில் பிள்ளைகள் ஐஸ் கட்டிக்குக் கோப்பையோடு வந்து நிற்பார்கள். கோயில் தேருக்குக் கரைக்கிற மோரும் இங்கேதான் குளிரும். என்ன கலகலப்பான வீடு அது! இப்போது வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ். மாமாவும் மௌத்தாகிவிட்டார். தன் இன்சுலினை எடுக்க, காலையும் மாலையும் பக்கத்து வீட்டு அழகாயி மட்டும் வருவாள். வந்தால் பிளேன்டீ குடித்து, ஊர்க்கதை பேசாமல் போகமாட்டாள்.

"அழகாயி மருந்து இதுல இருக்கு," என்றார் மாமி.

"அவங்க வீட்டுக்கும் போன வருஷம் நான்தானே புது ஃப்ரிட்ஜ் பூட்டினேன்," என்றான் றிஸ்கான், மிச்சமிருந்த பழைய கேஸை சிலிண்டரில் இறக்கிக்கொண்டே.

"கேட்டீங்களா மாமி? சொந்தமா ஃப்ரிட்ஜ வச்சிக்கிட்டு நம்ம கரண்ட்ல குளிர வைக்கிறாங்க. நல்ல கெட்டிக்காரிதான். புதுசுல இதெல்லாம் வேணாம், குடுத்துட்டு வாறேன்."

மாமி தடுப்பதற்குள் ஜஸ்லா மருந்துப் பெட்டியை எடுத்துவிட்டாள். கனமே இல்லை. திறந்து பார்த்தாள்.

"மாமி, உள்ள ஒன்னுமில்லையே!"

"தெரியும் மகள். அவ வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்த நாள்லேருந்தே வெறும் பெட்டிதான்." மாமி வாசலை எட்டிப் பார்த்தார். "மாமா போனதுலேருந்து நான் தனிச்சுப் போனேன்னு, வந்து போக அவளுக்கு ஒரு சாட்டு. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. பெட்டியக் குடுத்துட்டா நாளைக்கு எதைச் சொல்லி வருவா?"

வாசலில் குரல் கேட்டது.

"அக்கா, மருந்தெடுக்க வந்தேன்."

ஜஸ்லா, இன்னும் பிளக் கூடப் போடாத புது ஃப்ரிட்ஜைத் திறந்து, வெறும் பெட்டியை நடுத்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"வாங்க ஆன்டி. உங்க மருந்து இனி இதுலதான், பத்திரமா இருக்கு. இருங்க, முதல்ல டீ ஊத்துறேன்."