பாவனையில் உள்ளது

வாசல் படலையடியில் மோட்டார் சைக்கிள் நின்ற சத்தம் கேட்டதும் சாருஜா கம்ப்யூட்டரில் செருகிக் கிடந்த ஹார்ட் டிஸ்க்கின் வயரைப் பிடித்தாள்.

ஒரே இழுவை. பைக்குள் போட்டுக்கொண்டு பின்பக்கத்தால் போய்விடலாம்.

அண்ணை பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனபிறகு வா என்றுதான் அம்மா போனில் சொல்லியிருந்தாள். இன்று பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டுவிடும் என்பது அம்மாவுக்கும் தெரிந்திருக்கவில்லை.

மயூரதன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். தன்னுடைய கம்ப்யூட்டருக்கு முன்னால் தங்கச்சி நிற்பதைக் கண்டதும் கதவடியிலேயே நின்றுவிட்டான்.

வேற்று மதத்து லெனாட்டைத் தேவாலயத்தில் அவள் கலியாணம் செய்த நாளிலிருந்து அவன் அவளோடு கதைப்பதில்லை. அப்பா இல்லாத வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். அவன் கலியாணத்துக்குப் போகவில்லை. அதனால் அம்மாவும் போகவில்லை. ஒருமுறை புத்தூர்ச் சந்தியில் நேருக்கு நேர் கண்டபோது, யாரோ தெரியாத ஆளைக் கண்டவன்போல் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

அம்மாவாவது பார்க்கட்டும் என்று சாருஜா கலியாண வீடியோவை டிஸ்க்கில் போட்டு, பக்கத்து வீட்டு ஆரபியிடம் கொடுத்துவிட்டிருந்தாள். அண்ணை இல்லாத நேரம் ஆரபி இந்தக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாளாம். அம்மா அழுதாளாம். இப்போது டிஸ்க் திரும்ப வேண்டும். வீடு கட்டுகிறவர்களுக்கு அவள் கீறிக் கொடுக்கிற வரைபடங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

அவனை நிமிர்ந்து பாராமல் வயரை இழுக்கப் போனாள்.

"இழுக்காதை."

கை அப்படியே நின்றது. அடுப்படியில் அம்மா தேங்காய் துருவுகிற சத்தமும் நின்றது.

மயூரதன் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் படிப்பிக்கிறவன். வாய்க்குள்ளிருந்து சொல் எப்படி வெளியே வந்தது என்று அவனுக்கே விளங்காததுபோல் சற்று நேரம் நின்றான். பிறகு, சொல்லத் தொடங்கியதை முடிக்கத்தானே வேண்டும் என்பதுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"சும்மா இழுத்தால் உள்ளுக்கை இருக்கிறது பழுதாப் போகும். கீழை வலப்பக்க மூலையிலை சின்னக் குறி ஒண்டு கிடக்கு. அதை அமத்திட்டுக் கழட்டு. நீ கீறின வீட்டுப் படங்கள் எல்லாம் அதுக்குள்ளைதானே கிடக்கு."

படங்கள் அதற்குள் இருப்பதை அவள் இந்த வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

வயரை விட்டு மௌஸைப் பிடித்தாள். மூலையில் இருந்த குறியை அழுத்தினாள்.

கழற்ற முடியாது, டிஸ்க் இன்னும் பாவனையில் உள்ளது என்று திரையில் வந்தது.

திரும்பவும் அழுத்தினாள். திரும்பவும் அதுவே வந்தது.

"ஏதோ திறந்து கிடக்காம்," என்றாள் மெதுவாக. "ஆரபி மூடாமல் விட்டிட்டாள் போலை."

அவன் கதவடியிலிருந்து மேசைவரை வந்துவிட்டான்.

திரையின் அடியில் ஒரு ஜன்னல் சுருங்கிக் கிடந்ததை அவள் அப்போதுதான் கண்டாள்.

"அதை விடு. நான் பாக்கிறன்," என்று அவன் அவசரமாகக் கையை நீட்டினான்.

அதற்குள் அவள் அழுத்திவிட்டாள்.

தேவாலயம் திரை முழுக்க விரிந்தது. வீடியோ நடுவில் நிறுத்தப்பட்டிருந்தது. வெள்ளைச் சேலையும் கையில் பூங்கொத்துமாக, சிவப்புக் கம்பளத்தில் அவள் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் லெனாட்டின் ஆட்கள் எழுந்து நின்றார்கள்.

அண்ணனும் தங்கச்சியும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆரபி இல்லை," என்றான் மயூரதன் கடைசியில். "ராத்திரி நான்தான் பாத்தனான்."

அவள் தலையாட்டினாள்.

"எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. அதிலைதான் நிப்பாட்டி வைச்சனான்." அவன் திரைக்குக் கிட்டக் குனிந்து, கம்பளத்தை விரலால் தொட்டுக் காட்டினான். "இவ்வளவு இடம் கிடக்கேக்கை நீ ஏன் ஓரமா நடந்தனி?"

படத்தில் அவள் கம்பளத்தின் இடது ஓரத்தில் இருந்தாள். வலது பக்கம் வெறுமையாக இருந்தது. வீடியோ எடுத்தவரும் அன்றைக்கு, நடுவுக்கு வா, நடுவுக்கு வா என்று கையைக் காட்டியபடியேதான் இருந்தார். அதற்கு முன்னால் வாசலில், லெனாட்டின் சித்தப்பா, அப்பாவின் இடத்தில் தானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கையை நீட்டினார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். ஏன் என்று அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை.

"மற்றப் பக்கம் உங்களுக்கெண்டு விட்டனான், அண்ணை."

மயூரதன் திரையில் இருந்த விரலை எடுக்கவில்லை.

அம்மா கையில் துருவிய தேங்காய்ப்பூவோடு அடுப்படிக் கதவில் வந்து நின்றாள். அவளுக்கும் உள்ளே வரப் பயமாக இருந்தது.

மேசையில் கிடந்த சாருஜாவின் போன் அதிர்ந்தது. லெனாட். அவள் எடுத்து மறைக்குமுன் மயூரதன் பெயரைப் பார்த்துவிட்டான்.

அவன் ஒரு கதிரையை இழுத்து அவள் பக்கம் வைத்தான். இன்னொன்றை இழுத்து அதில் உட்கார்ந்தான். பிறகு மூன்றாவது ஒன்றையும் எட்டி இழுத்தான்.

"எடுத்துக் கதை. வீட்டை வரச் சொல்லு," என்றான். "அவரும் வரட்டும். முதலிலை இருந்து பாப்பம்."