உட்கருவுக்குள்

விஞ்ஞானி நகர்ந்து வழிவிட்டாள். உலகம்மாள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

இருட்டில் நீலப் புள்ளிகள். நூறு, இருநூறு.

"இதுல எது மேடம் அவன்?"

"எல்லாமேதான். ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல்லோட உட்கரு."

உலகம்மாளின் மகன் இசக்கிராஜா இறந்து ஏழு மாதமாகிறது. மூன்று வயது நிரம்பவில்லை. ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டாம் மாதத்திலிருந்து வலிப்பு மட்டும் விடாமல் வந்தது.

அவன் உயிரோடிருந்தபோது கையிலிருந்து கடுகளவு தோல் எடுத்தார்கள். அதை இந்த ஆய்வகத்தில் வளர்த்து மூளைச் செல்களாக மாற்றியவள் இந்த விஞ்ஞானிதான்.

சங்கரன்கோவிலிலிருந்து உலகம்மாளை வரவழைத்தது ஒரு கையெழுத்துக்காக. செல்களை வைத்திருக்கலாமா, அழித்துவிடலாமா.

"எதனால இப்படி ஆச்சு?"

ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள். அவள் இன்னொரு முறை சொன்னாள்.

"தசை அசையறதுக்கு ஆக்டின்னு ஒரு புரதம் இருக்கு. அதோட சொந்தக்காரப் புரதம் ஒண்ணு, மூளைச் செல்லோட உட்கருவுக்குள்ள இருக்கும். உள்ள சுருண்டு கிடக்கிற டிஎன்ஏவுல வேண்டிய இடத்தைப் பிரிச்சுக் குடுக்க அது வேணும். தம்பிக்கு அது சரியா அமையல."

உலகம்மாள் கண்ணை எடுக்கவில்லை.

"உசுரு இருக்கா இதுக்கு?"

"இருக்கு."



"அப்போ வலிப்பும் வருதா மேடம்?"

ஏசி இரைந்துகொண்டிருந்தது.

"இல்லைங்க" என்றாள்.

உலகம்மாள் நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்போ இருக்கட்டும். இங்கயாவது நல்லா இருக்கட்டும்."

'வைத்திருக்கலாம்' என்று அச்சிட்டிருந்த இடத்துக்கு எதிரே, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

உலகம்மாளை வாசல்வரை கொண்டுவிட்டு விஞ்ஞானி திரும்பினாள்.

மதியம் அந்தச் செல்கள் இருந்த தட்டை எடுத்துப் பதிவுக் கருவியில் வைத்தாள். செல்கள் துடித்தால் பச்சையாக மின்னும். அதற்கென்று சாயம் இருக்கிறது.

திரையில் முதலில் எதுவுமில்லை.

பிறகு ஒன்று மின்னியது. பக்கத்தில் இன்னொன்று.

சட்டென்று எல்லாம் சேர்ந்து, வலிப்பில் கைகால் வெட்டுவதுபோல், வெட்டி வெட்டி மின்னின.

தினமும் பார்ப்பதுதான். தினமும் நோட்டில் நேரத்தைக் குறிப்பாள்.

நாற்பது விநாடி. அடங்கியது.

அவள் குறிக்கவில்லை.

அடுத்தது வரும்வரை பக்கத்திலேயே நின்றாள்.