அறுபட்ட புது வலை

பால்காஷ் ஏரியின் நடுவே, எஞ்சின் அணைத்த படகு காலை வெயிலில் மெல்ல ஆடுகிறது. கவிழ்ந்த கிண்ணத்துத் தேநீர் பலகை இடுக்குகளில் ஓடுகிறது. பதினைந்து வயது தொக்ஜான் அப்பாவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஏழு வருடங்களுக்கு முன் வீட்டை விட்டுப் போன மனிதர். அம்மா பிடிவாதமாக அனுப்பிவைத்த இந்தக் கோடையில், மூன்று வாரமாக அவரிடம் அவள் முகங்கொடுத்துப் பேசவில்லை. சற்று முன், தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்த வலையில் அவள் பின்னல் சிக்கி, தலை படகின் விளிம்புவரை இழுபட்டது. அப்பா எர்பொலாத் யோசிக்கவே இல்லை. கத்தியை எடுத்து வலையை அறுத்துவிட்டார். இந்த வசந்தத்தில் வாங்கிய வலை மொத்தமும் ஏரிக்குள் போய்விட்டது. மிஞ்சிய நைலான் முடிச்சுகளை இப்போது அவள் கூந்தலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார். வெடித்த, தடித்த விரல்கள்.

"புது வலையாச்சே. முடியை வெட்டியிருக்கலாம்ல?"

"வெட்டியிருந்தா உங்கம்மா என் தோலை உரிச்சுக் காயப்போட்டிருப்பா."

அடக்குமுன் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. தலைக்கு மேல் நீர்க்காக்கைகள் கத்திக்கொண்டு போகின்றன. ஒரு முடிச்சு சுரீரென்று இழுக்கிறது.

"வலிக்குதாம்மா?"

வலிக்கத்தான் செய்கிறது.

"இல்லப்பா," என்கிறாள். "மெதுவாவே எடுங்க."